முதுகு காட்டி உட்கார்ந்தவன்

சகாதேவன் எழுதிய நாடகம் ஒன்றே ஒன்று. முப்பத்து நாலு பக்கம், அலுவலகத் தட்டச்சில் அடித்தது. இப்போது மிஞ்சியிருப்பது கார்பன் நகல். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் எண்கள் எழுதியிருக்கிறார். 38. 41. 36. மேடையின் இடதுபுறம் வெளியேறிய நடிகர் உடை மாற்றி வலதுபுறம் நுழைய ஆகும் நொடிகள் அவை. கடைசிப் பக்கத்தில் மட்டும் எண் இல்லை. அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு, அதை அழித்து, மறுபடியும் போட்டிருக்கிறார்.

2007 ஆவணியில் அவர் இறந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி இருந்தது. அலுவலகத்திலிருந்து வந்தவர்களில் அவர் எழுதிய கோப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த நாடகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அப்படிச் சிரித்ததில்லை என்றார்கள். அதை அவர் சிரிக்க வைப்பதற்காக எழுதவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

கீழ்பென்னாத்தூரில் வேணு, பச்சையம்மாள் தம்பதிக்கு இரட்டைப் பிள்ளைகள். பாரதம் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால் பெயருக்கு யாரும் யோசிக்கவில்லை. முதலில் பிறந்தவர் நகுலன். இருபது நிமிடம் கழித்து வந்தவர் சகாதேவன். நகுலன் நிலத்தோடு ஊரில் நின்றார். சகாதேவன் பரீட்சை எழுதி, வருவாய்த் துறையில் சேர்ந்து, வேலூரில் இருந்தார். முப்பது வயதுக்கு மேல் அவர்களைப் பிரித்துச் சொல்வது கஷ்டமாக இல்லை. ஒருவர் வெயிலில் கறுத்திருந்தார், மீசையை முறுக்கி விட்டிருந்தார். மற்றவர் நிழலில் வெளுத்திருந்தார், மீசையைக் கத்தரித்து வைத்திருந்தார்.

1989 ஐப்பசியில் வேணு காலமானார். வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். கூடவே இருந்தது சகாதேவன். நகுலனுக்கு அது கடலை பிடுங்குகிற நேரம்; வந்து வந்து போனார்.

தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளைய மகன். அந்தப் பக்கத்து வழக்கம் அது. சுடுகாட்டை ஒட்டிய கிணற்றடியில் இரண்டு மகன்களுக்கும் மொட்டை அடித்தார்கள், மீசையை எடுத்தார்கள். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு நிறுத்தினார்கள். முடியும் மீசையும் போனதும் இருபது வருடத்து வித்தியாசம் மொத்தமும் போய்விட்டது. மழை மூட்டத்தில் கறுப்பும் வெளுப்பும் ஒன்றாகத் தெரிந்தன.

நீர்க்குடத்தைத் தூக்கி மகனின் தோளில் வைப்பது அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் வேலை. மாமா கோதண்டராமன் குடத்தோடு வந்தபோது நகுலன் இன்னொரு வாளி ஊற்றிக்கொள்ளக் கிணற்றடிக்குப் போயிருந்தார். எதிரே ஒரு மொட்டைத் தலை நின்றது. மாமா அந்தத் தோளில் குடத்தை வைத்தார்.

அது சகாதேவனின் தோள்.

'நான் இல்லை மாமா' என்று சொல்ல அவருக்கு மூன்று நான்கு நொடிகள் இருந்தன. பதினோரு நாள் தூங்காத உடம்பு. வாய் வரவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுதான் காரணமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. அந்தப் பதினோரு நாளில் அப்பாவின் வாயில் தண்ணீர் விட்டது தான்தானே என்று எங்கோ ஒரு ஓரத்தில் தோன்றியிருக்கலாம். தோளில் ஏறிய குடம் உடைந்துதான் கீழே வர வேண்டும், நடுவில் இறக்கக் கூடாது. நகுலன் திரும்பி வந்தபோது சகாதேவன் சிதையைப் பாதிச் சுற்று நடந்திருந்தார்; கொள்ளியும் அவரே வைக்கும்படி ஆயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டில் வைத்து நகுலன் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“மாமாவுக்கு அடையாளம் தெரியல. சரி. நீ யாருன்னு உனக்குமா தெரியல?”

அதற்குப் பிறகு நகுலன் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே வருடம் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. சகாதேவன் மாற்றலாகி வந்து, வேங்கிக்காலில் வீடு பிடித்தார். மீசையைத் திரும்ப வளர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போவார். அந்த பஸ் வருகிற நேரத்துக்கு நகுலன் நிலத்துக்குக் கிளம்பிவிடுவார். ஊரில் இறங்கினால் யாராவது ஒருவர் கேட்பார்.

“இன்னா நகுலா, மீசையக் காணோம். யாரு போயிட்டாங்க?”

“யாரும் இல்லீங்க. நான் சின்னவன்.”

பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், வைக்கோல் வண்டிக்குப் பக்கத்தில். நான் சின்னவன், நான் சின்னவன். அன்றைக்கு ஒருமுறை சொல்லியிருக்க வேண்டியதை வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பி வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் யாரும் அவரிடம் எதுவும் கேட்க முடியாது.

1996 கடைசியில் அலுவலக ஆண்டு விழாவுக்கு நாடகம் போட வேண்டும் என்று பேச்சு வந்தது. தட்டச்சர் சரோஜாதான் ஆரம்பித்தார்.

“சார், நீங்க ரெட்டைப் பொறப்பாமே. சொல்லவே இல்ல.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு?”

“அதையே நாடகமா எழுதுங்க. டூர் போகாமலே டூர் டைரி எழுதுறீங்க, இது வராதா?”

ஒரு வாரத்தில் எழுதிக் கொண்டுவந்தார். கார்த்திகை தீபக் கூட்டத்தில் பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்கள். அண்ணன் கிரிவலப் பாதையில் சோடா விற்கிறான். தம்பி சென்னையில் பாங்க் அதிகாரி, மலை சுற்ற வருகிறான். சோடாக்காரனுக்கு நிச்சயித்த பெண் பாங்க் அதிகாரியைப் பிடித்துக்கொண்டு, குளிக்கச் சொல்லித் திட்டுகிறாள். அதிகாரிக்கு வைத்திருந்த மாலையைச் சோடாக்காரன் கழுத்தில் போட்டு, மைக் முன்னால் நிறுத்தி, நாட்டின் பொருளாதாரம் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். அவன் கோலி சோடாவின் விலையைப் பற்றிப் பேசுகிறான். கூட்டம் கைதட்டுகிறது. அண்ணனும் தம்பியும் மட்டும் சந்திப்பதே இல்லை. இருவரும் மலையை வலமாகத்தான் சுற்றுகிறார்கள். ஒரே திசை, ஒரே வேகம். நடுவில் உள்ள தூரம் குறையாது. கடைசியில் சோடாக்காரனின் செருப்பு வார் அறுந்து, ஒரு கல்லில் உட்காருகிறான். ஒருவன் நின்றுவிட்டதால் இன்னொருவன் வந்து சேருகிறான்.

இரண்டு வேடத்தையும் சகாதேவனே போட்டார். மேடையும் மலைப்பாதை போலத்தான்: நுழைவது வலதுபுறம், வெளியேறுவது இடதுபுறம். வெளியேறியதும் பின்திரைக்குப் பின்னால் இருபத்திரண்டு அடி ஓட வேண்டும். ஓடிக்கொண்டே லுங்கியை அவிழ்த்தால் உள்ளே பேண்ட் தயாராக இருக்கும். சட்டை, கண்ணாடி. முப்பத்தெட்டு நொடி. அதுவரை சரோஜா மேடையில் பேசிச் சமாளிப்பார். இரண்டு பாத்திரங்களுக்கும் ஒரே ஒட்டு மீசை, முறுக்கியது. மொழுமொழுவென்ற முகத்தோடு இருந்தவர் இருவருக்கும் ஏன் மீசை எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒத்திகையில் கடைசிக் காட்சி வந்தபோது சரோஜா நிறுத்திவிட்டார்.

“இங்க ரெண்டு பேரும் ஒண்ணா வரணுமே சார். நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க.”

“யோசிக்கணும்.”

“ஃபோன்ல பேசிக்கிற மாதிரி மாத்திடலாமா?” என்றார் ஆபீஸ் அசிஸ்டென்ட் இராமலிங்கம். டீ கொண்டுவந்தவர், அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷம் கழிச்சுச் சேர்றவங்க ஃபோன்லயா சேருவாங்க? நீ கிளாஸ எடுத்துட்டுப் போப்பா.” சரோஜா சகாதேவன் பக்கம் திரும்பினார். “உங்க அண்ணனையே கூட்டிட்டு வாங்களேன். லுங்கியோட வந்து ஒரு நிமிஷம் உக்காந்தா போதும். ஜனம் ஆடிப் போயிடும்.”

“கேட்டுப் பாக்குறேன்” என்றார் சகாதேவன். அப்போதுதான் தோன்றியது போலச் சொன்னார். முப்பத்து நாலு பக்கத்தையும் எழுதியதே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அண்ணனுக்கு வசனமே கிடையாது. வந்து உட்கார வேண்டும். பேச வேண்டியவன் தம்பி. முந்நூறு பேருக்கு முன்னால், இன்னார் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிகிற வெளிச்சத்தில்.

மார்கழிக் கடைசி ஞாயிறு, நல்ல மழை. நகுலனால் நிலத்துக்குப் போக முடியவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். பச்சையம்மாள் முறத்தில் விதைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றார் சகாதேவன், “இருபத்தாறாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க ஆபீஸ் ட்ராமா. கடைசியில அண்ணன் ஒரு நிமிஷம் வந்து உக்காந்தா போதும்னு சொல்லு.”

“ரெண்டு முழத்துல உக்காந்திருக்கான். நான் வேற சொல்லணுமா?” என்றாலும் பச்சையம்மாள் தலையைத் திருப்பினார். “டேய், ட்ராமாவாம். வந்து உக்கார்றியாம்.”

“மீசைய எடுக்கணுமானு கேளும்மா” என்றார் நகுலன்.

“வேணாம்மா. அவர் அப்படியே வரட்டும். நான் ஒட்டிக்கிறேன்.”

“பொய் மீசையா?”

“ஆமாம்மா.”

நகுலன் வெளியே மழையைப் பார்த்தார். “மீசைய ஒட்டிக்கிட்டா நான் ஆயிடுவானாமா? அன்னிக்கு ஒட்டாமலே ஆனவன்தானே.”



“என் வயித்துல ஒண்ணாக் கெடந்தப்ப நீங்க சண்டை போடல” என்றார் பச்சையம்மாள். “இத்தனைக்கும் அங்க எடம் கம்மி.”

நகுலன் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மழையிலேயே மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். சகாதேவன் அழைப்பிதழை ரேடியோப் பெட்டியின் மேல் வைத்தார். பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

விழா நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் சகாதேவன் துண்டு போட்டு வைத்திருந்தார். ஆறு மணிக்கு அது காலி. ஆறே முக்காலுக்கும் காலி. ஒவ்வொரு முறை வலதுபுறம் நுழையும்போதும் அவர் கண் முதலில் அங்கேதான் போயிற்று. நாடகம் நன்றாகவே போனது. சோடாக்காரனின் பொருளாதாரப் பேச்சுக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்திரைக்குப் பின்னால் அவர் ஓடிய ஓட்டம் யாருக்கும் தெரியாது. நாற்பத்தாறு வயது. முப்பத்தெட்டு நொடி நாற்பத்தைந்து ஆனது, பிறகு ஐம்பது. நாலாவது மாற்றத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசிக் காட்சிக்கு முன்னால் இராமலிங்கத்தைக் கூப்பிட்டார்.

“லுங்கியக் கட்டிக்கிட்டு அந்தக் கல்லு மேல உக்காரு. ஜனத்துக்கு முதுகு காட்டி உக்காரணும். திரும்பக் கூடாது.”

“சார், எனக்கு வசனம்லாம் வராது.”

“வசனம் இல்ல. சும்மா உக்காரு.”

“எவ்ளோ நேரம் சார்?”

“நான் வந்து பேசி முடிக்கிற வரைக்கும்.”

இராமலிங்கம் உட்கார்ந்தார். சகாதேவன் அதிகாரி வேடத்தில் வலதுபுறமிருந்து வந்து, அந்த முதுகின் தோளில் கை வைத்தார். 'அண்ணே, எத்தனை நாளா உன்னைத் தேடுறேன்' என்பது எழுதி வைத்த வசனம். அது வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. பக்கவாட்டில் சரோஜா வசனத்தை முணுமுணுத்தார். அது அவர் காதில் விழவில்லை.

“அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும்ணே” என்றார் சகாதேவன். “நான் இல்ல, அவன்தான்னு சொல்லியிருக்கணும். சொல்லல.”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நின்றார். வேர்வையில் ஒட்டு மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. இராமலிங்கத்துக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. வசனம் இல்லை என்று சொன்னவர் இப்போது பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி தெரிந்தது. திரும்பவும் கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பரவால்ல சார்” என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. திரையை இழுத்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. கை கொடுக்க வந்தவர்கள், அந்தக் கடைசி ஜோக் யாருடையது, சாருடையதா இராமலிங்கத்தினுடையதா என்று கேட்டார்கள். இராமலிங்கம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். சகாதேவன் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, முன்வரிசைக்குப் போய், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடமும் எழுதச் சொன்னார்கள். “நேரம் இல்லம்மா” என்று சரோஜாவிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்பென்னாத்தூர் போனார். டம்ளர் ரேடியோப் பெட்டியின் மேலேயே இருந்தது. அழைப்பிதழ் இல்லை. அம்மாவிடம் கேட்கவில்லை. அண்ணன் கிழித்துப் போட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டார். நகுலன் பஸ் வரும் நேரத்துக்குக் கிளம்பிப் போய்க்கொண்டேயிருந்தார். அப்படியே ஆறு வருடம் ஓடியது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

2003 மாசியில் பச்சையம்மாள் காலமானார். அதே சுடுகாடு, அதே கிணறு. மகன்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நகுலனின் மீசை முக்கால்வாசி நரைத்திருந்தது. அது விழுந்ததும் ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி இரண்டு முகமும் ஒன்றாயின. மாமா கோதண்டராமனுக்கு எண்பது தாண்டியிருந்தது. தூக்குவதற்கு வேறு ஆள் போதும் என்று சொன்னவர்களைத் தள்ளிவிட்டு, குடத்தை அவரே எடுத்து வந்தார். இரண்டு மொட்டைத் தலைகளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“இதுல எவன்டா சின்னவன்? அப்பவே எனக்குத் தெரியல. இப்பக் கண்ணும் போச்சு.”

பதினான்கு வருடமாகப் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் சொல்லிப் பழகிய வாய். இந்த முறை உடனே திறந்தது. சகாதேவன் நகுலனைக் கை காட்டினார்.

“அவன்தான் மாமா. நான் மூத்தவன்.”

மாமா குடத்தோடு அந்தப் பக்கம் திரும்பினார். நகுலன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். சகாதேவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“கிழவன ஏமாத்தாதடா” என்றார். “மாமா, நான் நகுலன். அவன் ட்ராமா ஆடுறான். அவன் தோள்லயே வை.”

குடம் சகாதேவனின் தோளில் ஏறியது. குளிர்ந்த மண். மலையை வலமாகச் சுற்றுகிற ஊர்க்காரர்கள் இதை மட்டும் இடமாகச் சுற்றுவார்கள். நகுலன் அம்மாவின் கால் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் சகாதேவன் அவர் எதிரே வந்து சேர்ந்தார். மூன்றாவது சுற்று முடிந்து குடம் பின்னால் விழுந்து உடைந்தது. கொள்ளி வைத்தார். பிறகு, வழக்கப்படி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். ஏரிக்கரைப் பாதையில் சகாதேவன் முன்னால், நகுலன் இரண்டு அடி பின்னால்.

கொஞ்ச தூரம் போன பிறகு சகாதேவன் ஆரம்பித்தார்.

“அன்னிக்கு அப்பாவுக்கு நான் வாயத் திறந்து...”

“பரவால்ல சார்” என்றது பின்னாலிருந்து குரல்.

சகாதேவன் நின்றுவிட்டார். அந்தப் பாதையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கவில்லை. அண்ணனின் காலடிச் சத்தம் வந்து சேரும்வரை அப்படியே நின்றார்.

“எங்க இருந்த?”

“மண்டபத்துல, செருப்பு விடுற எடத்துல. தூணுக்குப் பின்னால.” நகுலன் பக்கத்தில் வந்து, சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். “நானா உக்காந்தவன் ரொம்பக் குள்ளம்டா. வேற ஆளே கெடைக்கலியா?”

“எங்க அண்ணனக் கேட்டேனே. வரமாட்டேன்னுட்டாரு.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் தலை சுட்டது. வீட்டுக் கிணற்றடியில் இன்னொரு முறை குளிக்க வேண்டியிருந்தது.